சுரண்டியும் மண்ணும்: மலையகத்து மண்ணரிப்பின் வரலாறு

பாலைத்திணையை ஹட்டனில் நின்று கற்பிப்பது எளிதான காரியமன்று. ஆண்டின் பெரும்பகுதியில் நனைந்த சட்டையோடும் சேற்றுக் காலோடும் பள்ளிக்கு வரும் மாணவரிடம், நீரற்ற சுனையையும் வெடித்த நிலத்தையும் பற்றிப் பேசினால் அவர்கள் புன்னகை செய்வார்கள். நமக்கு மேற்கே சிறிது தொலைவிலுள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பொழிகின்றது. இத்தகைய நாட்டில் பாலைக்கு என்ன வேலை?

சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையை உயர்தர வகுப்பு மாணவருடன் ஒருநாள் படித்துக்கொண்டிருந்தேன். பாலை என்பது தனியாகப் பிறந்த ஒரு நிலமன்று. மலையும் காடும் தமக்குரிய ஒழுங்கு கெட்டு, உயிர்களுக்குத் துன்பம் தரும் நிலையை அடையும்போது அவையே பாலையாகிவிடுகின்றன என்று இளங்கோ அங்கே காட்டுகின்றார். தொல்காப்பியரும் பாலைக்குத் தனி நிலம் வகுத்தாரில்லை. இதனை விளக்கி முடித்தபோது, பின்வரிசையிலிருந்த ஒரு தோட்டத்துப் பையன் எழுந்து நின்றான். “சேர், எங்க மலையில தேயிலை எல்லாம் காலைத் தூக்கிக்கிட்டு நிக்குது. அப்பாயி கொழுந்தெடுத்த காலத்துல வேரெல்லாம் மண்ணுக்குள்ளதான் இருந்துச்சாம். அப்ப எங்க மலையும் பாலையாகிட்டு வருதா?” என்று கேட்டான்.

வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. அவ்வினாவுக்கு அன்று என்னால் முழுமையான விடை கூற முடியவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சியாகும்.

பழைய தேயிலைச் செடியைக் கூர்ந்து நோக்கியவர்கள் அம்மாணவன் கூறியதன் உண்மையை அறிவர். நூறாண்டுக்கு முன் விதை போட்டு வளர்த்த செடிகள் இன்றும் பல மலைகளில் நிற்கின்றன. நட்டபோது வேரின் கழுத்து மண்மட்டத்தில் இருந்தது. இன்றோ செடி ஒரு பீடத்தின்மேல் ஏற்றிவைத்தாற்போல உயர்ந்து, வேர்கள் கிழவனின் கைந்நரம்பு போல வெளியே தெரிய நிற்கின்றது. செடி மேலெழவில்லை, நிலம் கீழிறங்கியிருக்கின்றது. அவ்வுயரமே நாம் இழந்த மண்ணின் அளவு. மலைநாட்டின் மேட்டுத் தோட்டங்கள் ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ ஓர் அடி மேல்மண்ணை இழந்துவிட்டன என்பது மண்ணியல் ஆய்வாளர் கூறும் கணக்கு.

இக்கணக்கை மாணவரே சரிபார்க்கலாம். பாதுகாப்பு ஏதுமற்ற சரிவில், செடிகள் இடைவெளிவிட்டு நிற்கும் பழைய தேயிலை நிலத்திலிருந்து ஆண்டொன்றுக்கு ஹெக்டேயருக்கு 40 தொன் அளவில் மண் கழுவப்படுகின்றது என்று ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. ஒரு ஹெக்டேயரில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள மண் ஏறத்தாழ 12 தொன் நிறையுடையது. ஆகவே 40 தொன் என்பது ஆண்டுக்கு மூன்று மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஒரு கடுதாசி மட்டையின் தடிப்புத்தான். எந்தத் துரையின் கண்ணுக்கும் அது படாது. ஆனால் நூறு ஆண்டில் அதுவே ஓர் அடி. அதே சரிவில் செடிகள் நெருங்கி நின்று நிலத்தை மூடி, கான்களும் ஒழுங்காகப் பேணப்பட்டால், இழப்பு ஹெக்டேயருக்கு ஒரு தொன்னிலும் குறைவு. ஒரே மழை, ஒரே மலை, ஒரே செடி. விளைவில் இத்துணை வேறுபாடு! எனவே மண்ணை அழித்தது மழை என்று கூறித் தப்ப முடியாது. மண்ணரிப்புக்கு வரலாறு உண்டு. வரலாறு உண்டாயின் அதற்குப் பொறுப்பாளிகளும் உண்டு.

*

ஐரோப்பியர் மலையேறும் முன்னர் இம்மலைகள் எவ்வாறிருந்தன? அடர்ந்த மலைக்காட்டில் மழைத்துளி நேரே நிலத்தில் விழுவதில்லை. உயர்மரத்தின் இலையில் விழுந்து, கீழ்மரத்தில் சிந்தி, பாசியிலும் சருகிலும் ஊறி, ஓசையின்றி மண்ணுள் இறங்கும். சருகு மக்கிய கறுத்த மண் பஞ்சு போன்றது. மாரியில் குடித்த நீரைக் கோடையில் சிறுகச் சிறுக ஊற்றாக விடும். மகாவலியும் களனியும் கோடையிலும் வற்றாது ஓடியமைக்கு இதுவே காரணம். அத்தகைய மண்ணில் ஓர் அங்குலம் உருவாவதற்கு நூற்றாண்டுகள் வேண்டும்.

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேட் என்பவர், ஆளுநர் பான்சின் ஆதரவுடன் கோப்பித் தோட்டம் அமைத்தார். 1830களின் பிற்பகுதியில் கோப்பி மோகம் பெருகிற்று. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு முடிக்குரிய காணி விற்கப்பட்டது. வாங்கியோர் யாவர்? ஆளுநர் முதல் நீதிபதிகள், படை அதிகாரிகள், மதகுருமார் வரை ஆட்சியின் தூண்களாக விளங்கியவர்களே! 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் அரசுக்குரியவை என விதித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும், மாடு மேய்த்தும், விறகும் மூலிகையும் எடுத்தும் வந்த சிங்களக் குடியானவனிடம் பத்திரம் எங்கிருந்து வரும்? பொதுவுடைமையாக இருந்த காடு ஒரே சட்டத்தால் விலைப்பொருளாயிற்று. மலையகத்து மண்ணரிப்பின் முதல் மண்வெட்டி இந்தச் சட்டம் என்று கூறின் மிகையாகாது.

காடு வெட்டப்பட்டது, வெட்டியது எரிக்கப்பட்டது. சாம்பல் படிந்த சரிவில் வரிசை வரிசையாகக் குழி தோண்டிக் கோப்பி நடப்பட்டது. மேலிருந்து கீழாகச் சரிவோடு சரிவாக வரிசைகள் ஓடின. முதற் சில ஆண்டுகள் காட்டின் சேமிப்பு விளைச்சலாக வெளிவந்தது. அதனைத் துரைமார் தம் திறமையின் பயன் என எண்ணினர். 1870களின் இறுதியில் கோப்பி ஏறத்தாழ 2,75,000 ஏக்கர் நிலத்தை மூடியிருந்தது. ஆனால் 1869இலேயே மடுல்சீமைப் பகுதியில் இலைத்துரு நோய் தலைகாட்டிவிட்டது. ஒரே செடியை மலை முழுதும் நட்டவனுக்கு ஒரே பூஞ்சணம் போதுமானதாயிற்று. இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்தது.

இவ்வழிவைக் கண்டு எச்சரித்தோர் இல்லாமலில்லை. 1873இல், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக விளங்கிய ஜோசப் ஹூக்கர், இலங்கையில் 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடுமாறு பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை கூறினார். ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் இன்று ஓரளவேனும் எஞ்சியிருப்பதற்கு அவ்வெல்லைக்கோடு ஒரு காரணமாகும். ஆனால் ஹட்டன் ஏறத்தாழ 4,100 அடி உயரத்தில் உள்ளது, கோட்டுக்குக் கீழே! டிக்கோயாவும் மஸ்கெலியாவும் பொகவந்தலாவையும் திம்புள்ளையும் ஏற்கெனவே கூறுபோடப்பட்டுக்கொண்டிருந்தன. காப்பாற்றத்தக்கது எது, விற்கத்தக்கது எது என அறிவியல் ஒரு கோடு கீறியது. வாணிகம் அக்கோடு வரை வந்து நின்றது.

*

கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் ரெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். கார்ல் மார்க்சின் ‘மூலதனம்’ முதற் பாகம் ஹம்பேர்க் நகரில் வெளிவந்ததும் அதே 1867இல்தான். முதலாளித்துவ வேளாண்மையின் ஒவ்வொரு முன்னேற்றமும் தொழிலாளியைக் கொள்ளையிடும் கலையில் மட்டுமன்றி மண்ணைக் கொள்ளையிடும் கலையிலும் முன்னேற்றமாகவே அமைகின்றது என்ற கருத்தை அவர் அந்நூலில் நிறுவினார். அவர் லூல்கந்துரவை அறிந்திருக்க வழியில்லை. எனினும் அவர் கூற்றுக்கு இதைவிடச் சிறந்த சான்று தேட வேண்டுமோ?

1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரே தேயிலை. 1884இல் புகைவண்டி ஹட்டனை அடைந்தது. 1885இல் நானுஓயாவை அடைந்தது. 1890களின் நடுவில் தேயிலை மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. கோப்பி ஏற்கெனவே உறிஞ்சிவிட்ட மண்ணின்மேல் இரண்டாவது படையெடுப்பு நிகழ்ந்தது.

இந்தப் படையெடுப்பின் கருவி துப்பாக்கியன்று. ஒரு சிறு இரும்புத் தகடு. கைப்பிடியுள்ள அந்தக் களை சுரண்டும் கருவிக்கு நம் மக்கள் சுரண்டி என்று பெயரிட்டனர். அப்பெயரையே துரைமாரும் தம் ஆங்கிலத்தில் எடுத்தாண்டனர். தேயிலைச் செடிகளின் இடையே ஒரு புல்லும் தலைகாட்டலாகாது. காட்டினால் அது தோட்டத்துக்கே இழுக்கு என்பது அக்காலத் துரைமாரின் கொள்கை. ஆகவே மாதந்தோறும் ஆட்கள் சுரண்டியுடன் மலையேறினர். களை போயிற்று, களையோடு மேல்மண்ணும் கிளறிவிடப்பட்டது. அடுத்த மழை அதனை வாரிக்கொண்டு ஆற்றுக்குப் போயிற்று. அடுத்த மாதம் மீண்டும் சுரண்டி, மீண்டும் மழை. தோட்டம் கூடத்தைப் போலத் துப்புரவாக இருந்தது. மண் மட்டும் இல்லாமற் போய்க்கொண்டிருந்தது.

நம் அரசியல் மொழியில் சுரண்டல் என்ற சொல்லுக்கு மனிதன் மனிதனின் உழைப்பைக் கவர்தல் என்று பொருள். தோட்டத்து மொழியில் அது மண்ணைச் சுரண்டும் அன்றாட வேலை. இரு பொருளும் ஒரே மலையில், ஒரே கையில் வந்து கூடின. தன் உழைப்பைச் சுரண்டக் கொடுத்த அதே கையால்தான் தொழிலாளி மண்ணைச் சுரண்டினான்.

அத்தொழிலாளி யார்? திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து கங்காணியின் கடனுக்குக் கட்டுண்டு வந்தவன். தாதுவருடப் பஞ்சம் என்று தமிழகம் இன்றும் நினைவுகூரும் 1876 – 1878 பெரும் பஞ்சத்தின்போது பெருந்தொகையினர் கடல் கடந்தனர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிய காட்டுப்பாதையில் வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையானோர் போக எஞ்சியோர் மலையை அடைந்தனர். வானம் பொய்த்தமை பஞ்சத்துக்கு ஒரு காரணம். பஞ்ச காலத்திலும் தானிய ஏற்றுமதியையும் வரியையும் நிறுத்தாத ஆட்சி மறு காரணம். வரட்சியால் தன் நிலத்தினின்று துரத்தப்பட்ட உழவன், இன்னொரு நாட்டின் மண்ணை வரட்சிக்கு ஆளாக்கும் வேலைக்கு அமர்த்தப்பட்டான். அவனுக்கு இதில் தெரிவு ஏதும் இருக்கவில்லை. சுரண்டியை எங்கே வைப்பது, எவ்வளவு ஆழம் இழுப்பது, எந்தப் புல்லை விடுவது என்பதை முடிவுசெய்தவர் பங்களாவில் இருந்தார். அந்தப் பங்களாவுக்கு உத்தரவிட்டவர் இலண்டனில் இருந்தார்.

*

மண் போன இடம் எது? பள்ளத்தாக்கு. மலைமேல் தோட்டம், மலையடியில் வயல் என்பது மத்திய மலைநாட்டின் அமைப்பு. மேலிருந்து வந்த மணலும் மண்ணும் சிங்களக் குடியானவனின் வயலில் படிந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன. காட்டை இழந்தவன் வயலையும் இழக்கலானான். தன் வயலை மூடிய மண் மேலிருந்து வருவதை அவன் கண்டான். மேலே தமிழ்த் தொழிலாளி நிற்பதையும் கண்டான். பங்கு இலாபம் எண்ணுபவனோ அவன் கண்ணுக்கு எட்டாத தொலைவிலிருந்தான். ஒரே கொள்ளைக்கு இரையான இரு மக்கட் கூட்டத்தார் ஒருவரையொருவர் பகைவராகக் கருதும் நிலை இவ்வாறு உருவாக்கப்பட்டது. மண்ணரிப்பு வயலை மட்டும் அரிக்கவில்லை.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பின்னர் அது தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. 1931இல் மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கை அரசாங்க அமர்வுப் பத்திரமாக வெளிவந்தது. துப்புரவுக் களையெடுப்பின் தீமை அதிகாரபூர்வமாகவே பேசப்படலாயிற்று. சமவுயரக் கான்களும் கல்லணைகளும் பரவத் தொடங்கின. தீங்கற்ற சிறு பூண்டுகளை விட்டுவைத்து ஏனையவற்றை மட்டும் களையும் முறை பரிந்துரைக்கப்பட்டது. ஆயின், தேயிலை வந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின்னரே இந்த ஞானம் பிறந்தது என்பதை மறத்தலாகாது. 1947 ஆகஸ்டில் மகாவலியும் களனியும் பெருகிப் பெருநாசம் விளைந்தது. 1951இல் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அரிப்புக்குள்ளாகும் நிலங்களைப் பிரகடனஞ் செய்யவும், அங்கே பயிர்முறையை ஒழுங்குபடுத்தவும் அது அதிகாரம் வழங்கியது. 1996இல் அது திருத்தப்பட்டது. சட்டம் இருக்கின்றது. ஆனால் மலையில் கான் வெட்டுவது சட்டப் புத்தகமன்று. கூலி பெற்ற மனிதனே வெட்ட வேண்டும். அக்கூலியை யார் கொடுப்பது என்ற இடத்திலேதான் ஒவ்வொரு முறையும் காரியம் தடைப்பட்டது.

இஃது இலங்கைக்கு மட்டும் உரிய கதையன்று. வட அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் புல்லை உழுதழித்துக் கோதுமை விதைத்தவர்கள், 1930களின் வரட்சியில் தம் மண் வானில் எழுந்து பறப்பதைக் கண்டனர். 1935 ஏப்ரல் 14ஆம் நாள் பகலிலேயே இருள் சூழ்ந்தது. இரு வாரங்களுக்குள் அமெரிக்கக் காங்கிரஸ் மண் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தலைநகரின் வானத்தையும் தூசி மறைத்தமையால் அங்கே சட்டம் விரைந்து பிறந்தது. நம் மண்ணோ தூசியாகப் பறக்கவில்லை, ஆற்றுநீரில் கலந்து ஓசையின்றிச் சென்றது. நேர்மையாகப் பேசுவதாயின் மற்றொன்றையும் கூற வேண்டும். 1954இல் சோவியத் நாட்டில் கசாக்ஸ்தானின் கன்னிநிலங்களை உழத் தொடங்கினர்; 1960களின் முற்பகுதியில் அங்கும் காற்று மண்ணை அள்ளிச் சென்றது. நிலம் பொதுவுடைமையாதல் அவசியம்; ஆனால் அதுமட்டும் போதாது. மண்ணின் இயல்பை மதியாத திட்டம், இலாபத்துக்காகத் தீட்டப்பட்டாலும் இலக்கை எட்டுவதற்காகத் தீட்டப்பட்டாலும், மண்ணிடம் தோற்றே தீரும்.

*

சுதந்திர இலங்கை இம்மலைகளுக்கு என்ன செய்தது? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் பொருளாக நடத்தியது. இதற்கும் மண்ணுக்கும் என்ன தொடர்பு எனலாம். நாளை இந்த மலையில் இருப்போமா என்று அறியாத மனிதனிடம், ஐம்பது ஆண்டுக்குப் பின் பயன் தரும் கல்லணையைப் பற்றிப் பேச முடியுமா? மண்ணில் வேரூன்ற விடாதவர்களை மண்ணைக் காக்கச் சொல்வது கொடிய கேலியன்றோ?

1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் வரவேற்கத்தக்க அடிகளே. ஆனால் நிலத்தின் உடைமை மாறியதேயன்றி, அந்நிலத்தில் வாழ்ந்தவனுக்கு அதன்மேல் எவ்வித உரிமையும் பேச்சும் கிடைக்கவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நீண்டகாலச் செலவைக் குறைப்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் உடனடி இலாபமாகவே தோன்றும். கான் தூர்ந்தால் இவ்வாண்டுக் கொழுந்து குறையாது. அது பத்தாண்டு கழித்தே குறையும். பழைய செடியைப் பிடுங்கி, மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நட்டு ஒன்றரை, இரண்டு ஆண்டு நிலத்தை ஆறவிட்டு மறுநடுகை செய்வதற்குப் பொறுமை வேண்டும், பணமும் வேண்டும். ஆகவே கிழட்டுச் செடிகள் காலைத் தூக்கியபடி நிற்கின்றன. தோட்டத்துக்கு அப்பால், நுவரெலியாவைச் சுற்றிய செங்குத்தான சரிவுகளில் உருளைக்கிழங்கும் கரட்டும் ஆண்டுக்கு இருமுறை மும்முறை மண்ணைக் கிளறிப் பயிரிடப்படுகின்றன. சிறு விவசாயியைக் குறைகூறுவது எளிது. சமநிலம் அவனுக்கு எட்டாத விலையில் இருக்கின்றது என்பதை எண்ணிப்பார்ப்பது அரிது.

கழுவப்பட்ட மண் கணக்கில் வராது மறைந்துவிடவில்லை. 1976இல் மகாவலியை மறித்துப் பொல்கொல்லையில் அணை கட்டினர். வரண்ட வலயத்து உழவருக்கு நீர் திருப்புவது அதன் நோக்கம். 12 ஆண்டுகள் கழிந்து 1988இல் அளந்து பார்த்தபோது அத்தேக்கத்தின் கொள்ளளவில் 44 வீதத்தை மண் அடைத்திருந்தது. ஹட்டனில் கான் வெட்டாமல் மிச்சம் பிடித்த பணத்தை, நாடு வேறிடத்தில் பன்மடங்காகக் கட்டுகின்றது. தோட்டக் கணக்கில் மட்டும் அது பதியப்படுவதில்லை.

*

இனி வரட்சிக்கு வருவோம். மழை குறைவதே வரட்சி என்பது பாதி உண்மை. பெய்த மழையை நிலம் பிடித்துவைக்க இயலாமற் போவது மறுபாதி. ஓரடிப் பஞ்சு மண் போனபின் எஞ்சுவது இறுகிய செம்மண்ணும் பாறையும். அதன்மேல் விழும் மழை உள்ளே இறங்காது, ஓடிவிடும். மாரியில் வெள்ளம், மழை விட்ட மூன்றாம் வாரத்தில் தண்ணீர்ப் பஞ்சம். லயத்துப் பெண்கள் குடமேந்தி வற்றிய பீலியடியில் காத்து நிற்கும் காட்சியைத் தை, மாசி மாதங்களில் ஹட்டன் சுற்றாடலில் எவரும் காணலாம். மேல்மகாவலிப் படுகையின் நிலப் பயன்பாட்டையும் நீரோட்டத்தையும் 1980களில் ஆராய்ந்த பேராதனைப் புவியியலாளர் மதும பண்டார முதலியோர், பெய்யும் மழையில் உட்புகாது ஓடிவிடும் பங்கு பெருகிவரும் போக்கைச் சுட்டினர்.

1992ஆம் ஆண்டு வரட்சி இதனை நாட்டுக்கே உணர்த்திற்று. 1991இல் 24 கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைச்சல், அவ்வாண்டு 18 கோடி கிலோவுக்கும் சற்றுக் கீழே வீழ்ந்தது. 1996இல் நீர்மின் தேக்கங்கள் வற்றி நாடு இருளில் மூழ்கியது. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் அமிழ்ந்த பழைய மஸ்கெலியா நகரின் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் கடும் வரட்சிக் காலங்களில் நீரினின்று வெளியே வருகின்றன. மக்கள் அவற்றைக் காணத் திரள்கின்றனர். மூன்று சமயத்தாரும் ஒரு தெருவில் வாழ்ந்த ஊரைப் பார்த்து மகிழ்வதா, நீர் வற்றியதை எண்ணி அஞ்சுவதா என்று தெரியாத காட்சி அது.

காலநிலை மாற்றம் இப்பழைய புண்ணில் புதிய வேலாகப் பாய்கின்றது. ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதன் விளைவாக மழை பொழியும்போது கொட்டித் தீர்க்கின்றது. இடைப்பட்ட வெயிலோ மண்ணை மேலும் உலர்த்துகின்றது. மண்ணுள்ள மலை இதனை ஓரளவு தாங்கும். மண்ணிழந்த மலையோ இரு முனையிலும் அடிபடும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என 2005லும் 2011லும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் போவதற்கு மாற்றிடம் தரப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் பெருந்தொகையான உயிர்களைக் கொண்டன. புகைக்கூண்டுகளால் வானத்தை வெப்பமாக்கியோர் தொலைவிலுள்ள செல்வ நாட்டார். மலையை மொட்டையடித்தோர் பழைய கம்பனியார். இரண்டுக்கும் விலை கொடுப்பவரோ லயத்தில் உறங்கியவர்.

1994இல் ஐக்கிய நாடுகள் சபையின் பாலைவனமாதலுக்கு எதிரான உடன்படிக்கை உருவாயிற்று. வரண்ட, அரைவரண்ட, உலர் நிலங்களின் சீரழிவையே அது பாலைவனமாதல் என வரையறுக்கின்றது. அவ்வரையறைப்படி ஈரவலயத்து ஹட்டன் பாலையாக முடியாது. சொல்லிலக்கணத்தில் அது சரியே. ஆனால் மலை தன் ஒழுங்கு கெட்டு உயிர்களை வருத்தத் தொடங்கும் கணமே பாலை பிறக்கின்றது என்ற நம் பழைய புலவனின் பார்வை, இம்மழைநாட்டுக்கு அதைவிடப் பொருத்தமாக இருக்கின்றது. மழை பெய்தும் நீரில்லை. பசுமை தெரிந்தும் மண்ணில்லை. இதற்கு வேறென்ன பெயரிடுவது?

*

மருந்து அறியப்படாத நோயன்று இது. சமவுயரத்தில் வரிசையிட்டு நடுதல், கான்களை ஆண்டுதோறும் தூர்வாருதல், கவ்வாத்து வெட்டிய கிளைகளை விறகாக்காது மலையிலேயே பரப்புதல், வெட்டிவேரும் புல்லும் நட்டு வரம்பு கட்டுதல், நிழல் மரங்களைப் பேணுதல், தேயிலைக்கு ஒவ்வாத செங்குத்துச் சரிவை மீண்டும் காட்டுக்கு விடுதல் ஆகிய யாவும் சென்கூம்சில் பல்லாண்டாகப் பேசப்படுவனவே. கிளையை விறகாக்காதே என்று சொல்லுமுன் லயத்து அடுப்புக்கு எரிபொருள் ஏது என்று கேட்க வேண்டும். கொழுந்தின் நிறைக்குக் கூலி எண்ணுகின்றோம். கான் வெட்டிக் காத்த மண்ணுக்கு எவரேனும் கூலி எண்ணியதுண்டா? மண் காக்கும் வேலை கொழுந்தெடுக்கும் வேலைக்கு நிகரான கூலியும் மதிப்பும் பெறும் நாளில்தான் மலை பிழைக்கும். தான் வாழும் மலையில் ஒரு துண்டு நிலத்துக்கேனும் உரித்தாளியாகத் தொழிலாளி நிற்கும் நாளில்தான் அவன் சொல் சபையேறும். மலையடி வயலின் சிங்கள உழவனும் மலைமேற் தமிழ்த் தொழிலாளியும், தம்மிருவரையும் கெடுத்தது ஒரே சுரண்டல் என்பதை உணர்ந்து ஒருமித்துக் கேட்கும் நாளில்தான் சட்டப் புத்தகம் கண் திறக்கும்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது யாதெனில், அளப்பது. அந்த மாணவனின் வினாவுக்குப் பின் எங்கள் வகுப்பார் ஒரு சனிக்கிழமை அவனுடைய மலைக்குச் சென்றனர். அளவுகோலை நிறுத்திப் பழைய செடிகளின் வேர்க்கழுத்து நிலத்தினின்று எவ்வளவு உயர்ந்திருக்கின்றது எனக் குறித்துக்கொண்டனர். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், “என்னத்த தம்பி அளக்கிறீங்க?” என்று கேட்டார். மாணவன் விளக்கினான். அவர் கூடையைச் சற்று நிமிர்த்திக்கொண்டு கீழே ஓடையைக் காட்டினார்: “அளக்கணும்னா அங்க போய் அளங்க. எங்க ஒழைப்பும் இந்த மண்ணும் சேந்துதான் அந்தப் பக்கம் போச்சு.”

முதல்நாள் மழையில் ஓடை செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வரலாற்றுப் பாடத்துக்கு அதைவிடத் தெளிவான நூலை நான் அறியேன்.